பழைய மினி காரின் பின் சப்ஃபிரேமை வீட்டிலேயே புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் என் வீட்டுக் கொட்டகையில் இதுவரை மூன்று மினி கார்களின் பின்பகுதியைக் கழற்றிப் புதுப்பித்திருக்கிறேன். அந்த வேலை நடந்த காலத்திலும் அதற்குப் பின்னரும், இங்குள்ள தமிழ் நண்பர்களும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மினி வைத்திருக்கும் உறவினர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, நான் செய்து அறிந்ததைப் பதிலாகத் தொகுத்திருக்கிறேன். இங்கே மினி என்று நான் சொல்வது 1959 ஆகஸ்ட் 26 அன்று அறிமுகமாகி 2000 வரை உற்பத்தியான பழைய மினியை மட்டுமே. அதற்குப் பின் வந்த புதிய மினியின் அமைப்பு முற்றிலும் வேறு.

சப்ஃபிரேம் என்பது எது? அது ஏன் தனியாக இருக்கிறது?

மினிக்கு லாரியைப் போல முழுநீளச் சட்டகம் கிடையாது. தகடுகளை வெல்டிங் செய்து உருவாக்கிய உடலே வண்டியின் சுமையைத் தாங்குகிறது. மெல்லிய உடல் தகட்டின் மீது சக்கரத்தின் அதிர்ச்சி நேரடியாக விழக் கூடாது என்பதற்காக, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சிறு சட்டகங்களை அமைத்து, அவற்றில் சஸ்பென்ஷனின் பெரும்பகுதியைப் பொருத்தி, பிறகு அவற்றை உடலோடு போல்ட்டால் பிணைத்திருக்கிறார்கள். இந்தச் சிறு சட்டகங்களே சப்ஃபிரேம்கள்.

பின் சப்ஃபிரேம் என்பது இரண்டு பக்கச் சட்டங்களையும் அவற்றை இணைக்கும் இரண்டு குறுக்குச் சட்டங்களையும் கொண்டது. எல்லாமே உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வடிவத் தகடுகள். நான்கு மூலைகளிலும் ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் உருளை வளையம்) வைத்த டிரன்னியன்கள் என்னும் தாங்கிகள் இருக்கும். ஒவ்வொரு டிரன்னியனும் இரண்டு போல்ட்டால் உடலில் பிணைந்திருப்பதால், வண்டியின் பின்பாதி மொத்தம் எட்டு போல்ட்டுகளை நம்பி நிற்கிறது.

பின் சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? ஸ்பிரிங்கையே காணோமே!

ஸ்பிரிங் இருக்கிறது; அது எஃகால் ஆனதன்று, ரப்பரால் ஆனது. மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்காக அலெக்ஸ் மோல்ட்டன் உருவாக்கிய ரப்பர் கோன் அது. சக்கரத்தைத் தாங்கும் ரேடியஸ் ஆர்ம் ஒரு தண்டைச் சுற்றி ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடுகிறது. அது மேலே எழும்போது, சப்ஃபிரேமுக்குள் படுக்கைவாட்டில் கிடக்கும் டிரம்பெட் என்னும் உலோகக் குழலைத் தள்ள, அந்தக் குழல் ரப்பர் கோனை அமுக்குகிறது. டிரம்பெட்டுக்கும் ரேடியஸ் ஆர்முக்கும் நடுவே நக்கிள் எனப்படும் பந்து மூட்டு ஒன்று பிளாஸ்டிக் கிண்ணத்தில் அமர்ந்திருக்கும்.

ரப்பரைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் உண்டு. அமுக்க அமுக்க ரப்பரின் விறைப்புக் கூடிக்கொண்டே போகும். மிகச் சிறிய, எடை குறைந்த காரில் ஒருவர் மட்டும் இருக்கும் நிலைக்கும் நால்வர் பெட்டிகளோடு ஏறிய நிலைக்கும் இடையே சுமை வேறுபாடு மிக அதிகம். அந்த வேறுபாட்டை இந்தக் குணம் இடத்தையும் அடைக்காமல் சமாளிக்கிறது.

கழற்றாமலேயே சப்ஃபிரேம் கெட்டுவிட்டதா என்று பார்க்க முடியுமா?

முடியும். வண்டியைப் பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்தி, ஒட்டியிருக்கும் மண்ணையும் பழைய தார்ப்பூச்சையும் சுரண்டிவிட்டு, சிறு சுத்தியலால் சட்டங்கள் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன தகடு மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் உள்ளே உதிர்ந்து கிடக்கும் துருவின் சலசலப்பும் கேட்கும். முன் குறுக்குச் சட்டத்தையும் பக்கச் சட்டங்களின் அடிப்பகுதியையும் தவறாமல் பாருங்கள். சேறும் உப்புநீரும் தங்குவது அங்கேதான். மேலே கறுப்புப் பூச்சு பளபளப்பாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம், இந்தச் சட்டம் உள்ளிருந்துதான் அரிக்கப்படுகிறது.

அதே நேரத்தில் பின் சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், மற்றொருவரை ரேடியஸ் ஆர்மைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் சக்கர பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் தண்டும் புஷ்ஷும் போய்விட்டன. பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருப்பதும் அதே தேய்மானத்தின் அடையாளமாக இருக்கலாம்.

துருப்பிடித்த இடத்தில் மட்டும் தகடு வைத்து வெல்டிங் செய்தால் போதாதா அண்ணா? எதற்குப் புதிது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். போதாது என்பதே என் உறுதியான பதில். கண்ணுக்குத் தெரியும் ஓட்டைக்குச் சுற்றியுள்ள தகடும் உள்பக்கத்தில் பாதி தடிமனுக்குத் தேய்ந்திருக்கும். புதிய தகட்டை அந்த மெலிந்த ஓரத்தில்தான் வெல்டிங் செய்கிறோம். அடுத்த விரிசல் அந்த ஓரத்திலிருந்தே தொடங்கும். பெட்டிச் சட்டத்தின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்யவும் முடியாது, வெல்டிங் சூட்டில் எரிந்துபோகும் பாதுகாப்புப் பூச்சை அங்கே சரியாகத் திரும்பப் பூசவும் முடியாது. இதற்கெல்லாம் மேலாக, வெல்டிங் சூட்டில் சட்டம் சில மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டால் பின் சக்கரங்களின் திசையே மாறிவிடும்.

மேல்தோலில் மட்டும் துரு பூத்து, தட்டிப் பார்க்கையில் எங்கும் திடமாக ஒலிக்கும் சப்ஃபிரேமை மணல் வீச்சில் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. என் இரண்டாவது வண்டியில் அப்படித்தான் செய்தேன். ஓட்டை விழுந்ததை மட்டும் தயவுசெய்து காப்பாற்ற முயலாதீர்கள். மினிக்குப் புதிய பின் சப்ஃபிரேம் இன்றும் தயாரிக்கப்படுகிறது, விலைக்குக் கிடைக்கிறது. கிடைக்கும் பொருளுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் புதிய சப்ஃபிரேமை வாங்கி மாட்டினால் வேலை முடிந்ததுதானே?

இல்லை. சப்ஃபிரேமைக் கடையில் வாங்கலாம். அது தொங்கும் உடலை அப்படி வாங்க முடியாது. பின் இருக்கைக்குக் கீழே குறுக்காகவும் செங்குத்தாகவும் நிற்கும் ஹீல்போர்டு என்னும் தகட்டில்தான் முன் டிரன்னியன்கள் இரண்டும் பிணைக்கப்படுகின்றன. அந்தத் தகட்டின் இரு மூலைகளும் பின் சக்கரம் வாரியிறைக்கும் நீரும் சேறும் நேராக வந்து அறையும் இடங்கள். அங்கே தகடு நைந்திருந்தால், புத்தம்புதிய சப்ஃபிரேம் நைந்த துணியில் தைத்த புதிய பொத்தானைப் போலத்தான் நிற்கும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் பின் இருக்கையை எடுத்துவிட்டு, ஹீல்போர்டின் மூலைகளையும் டிக்கித் தரையின் பின்விளிம்பையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அங்கே வெல்டிங் தேவைப்பட்டால் அதற்கென்று பயின்ற ஒருவரிடம் கொடுங்கள். டிரன்னியன் வரும் இடத்தை வெட்டியெடுக்கும் முன், நல்ல நிலையிலுள்ள நிலையான புள்ளிகளிலிருந்து அளவெடுத்துக் குறித்துவைப்பது கட்டாயம். ஹீல்போர்டுக்கு மறுபுறம் பெட்ரோல் டேங்க்கும் அதன் குழாயும் இருப்பதை மறக்க வேண்டாம். டேங்க் வண்டியை விட்டு வெளியேறும் வரை தீப்பொறி எதுவும் அங்கே வரக் கூடாது.

என்னிடம் நல்ல மில்லிமீட்டர் ஸ்பேனர் பெட்டி இருக்கிறது. அதுவே போதுமா?

போதாது. மினியின் போல்ட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்களே அதிகம் தேவைப்படும். 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவதுபோலத் தோன்றி, துருப்பிடித்த போல்ட்டின் தலையை வழித்துவிடும். ஆறுமூலை சாக்கெட்டுகளையே வாங்குங்கள், பன்னிரண்டு மூலை வேண்டாம்.

சப்ஃபிரேமை இறக்கிவிட்டால் வண்டியின் பின்பகுதியை எதன் மீது நிறுத்துவது?

ஜாக்கின் மீது ஒருபோதும் நிறுத்தக் கூடாது. ஜாக் தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு ஆக்சில் ஸ்டாண்டுகள் வேண்டும். நான் ஹீல்போர்டுக்குச் சற்று முன்னால் தரைத்தகட்டின் அகலம் முழுவதற்கும் ஒரு கனமான மரக்கட்டையைக் குறுக்காக வைத்து, அதன் இரு முனைகளிலும் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துகிறேன். சுமை ஒரு புள்ளியில் விழாமல் பரவிவிடும். கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் சில் (sill) என்னும் தகட்டின் கீழ் ஸ்டாண்டு வைப்பதாக இருந்தால், அந்தச் சில் துருப்பிடித்து உள்ளே பொள்ளலாகவில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பகுதி தூக்கியிருக்கும்போது ஹேண்ட்பிரேக்கால் பயனில்லை, அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. வண்டிக்கு அடியில் போவதற்கு முன் பக்கவாட்டில் நின்று நன்றாக உலுக்கிப் பாருங்கள். அடியில் வேலை செய்யும் நேரமெல்லாம் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

எந்த வரிசையில் கழற்ற வேண்டும்?

பேட்டரி டிக்கியின் தரைக்குள் இருப்பதால் முதலில் அதைத் துண்டித்து வெளியே எடுங்கள். அடுத்து பெட்ரோல் டேங்க். தீ அபாயத்துக்காக மட்டுமல்ல, சலூன் வகை மினியில் இடப்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் நட் அந்த டேங்க்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டேங்க்கை நகர்த்தாமல் அதை எட்ட முடியாது. பிறகு பிரேக் பைப்பை உடலிலிருந்து சப்ஃபிரேமுக்கு வரும் இடத்தில் கழற்றி முனையை மூடிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளை லீவர் பக்கத்திலும், புகைக்குழாயை அதன் பின் தாங்கிகளிலும் விடுவியுங்கள்.

இதற்குப் பின் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டுகள், கடைசியாக அந்த எட்டு போல்ட்டுகள். சக்கரங்களைக் கழற்றாமல் விட்டால் ஒரு நன்மை உண்டு: போல்ட்டுகள் வெளியே வந்ததும் இருவர் சேர்ந்து உடலை உயர்த்தி, மேலே சொன்னபடி கட்டைமேல் நிறுத்திவிட்டு, சப்ஃபிரேமை அதன் சக்கரங்களிலேயே கைவண்டிபோல் பின்னால் உருட்டிக்கொண்டு போகலாம். ரேடியஸ் ஆர்ம், பிரேக் முதலியவற்றை அதற்குப் பிறகு நின்ற நிலையில், நல்ல வெளிச்சத்தில் பிரிப்பது எளிது. ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துவையுங்கள்; ஹேண்ட்பிரேக் கேபிள் செல்லும் வழி ஆறு வாரத்துக்குப் பின் நினைவில் இருக்காது.

ஒரு போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. இன்னும் நீளமான கம்பியை மாட்டித் திருகலாமா?

வேண்டாம். என் முதல் வண்டியில் ஹீல்போர்டின் வலது மூலையில் நான் அதைத்தான் செய்தேன். போல்ட் சுழலத் தொடங்கியதும் வெற்றி என்று நினைத்தேன். உண்மையில் போல்ட்டோடு சேர்ந்து, தகட்டின் உள்பக்கம் பற்றவைத்திருந்த நட்டும் பிய்த்துக்கொண்டு சுழன்றிருக்கிறது. அந்த ஒரு நட்டுக்காக ஹீல்போர்டில் சன்னல் வெட்டி, புதிய நட் வைத்து, மறுபடி வெல்டிங் செய்ய மூன்று வார இறுதிகள் போயின.

வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துருவிளக்கும் எண்ணெயை எட்டு போல்ட்டுகளிலும் விடுங்கள். முதலில் கழற்றும் திசையில் திருகாமல், மிகச் சிறிதளவு இறுக்கும் திசையில் அசைத்துப் பாருங்கள். மரைக்குள் இறுகிய துரு உடைய அதுவே பெரும்பாலும் போதும். அசையத் தொடங்கியதும் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். சூடு கொடுப்பது மிகவும் பயனளிக்கும், ஆனால் டேங்க்கும் எரிபொருள் குழாயும் அகற்றப்பட்ட பிறகு மட்டுமே. போல்ட்டின் தலையை வெட்டிவிடுவது கடைசி வழி. நட்டைப் பிய்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

என் வண்டி 1967 மாடல். அதில் ரப்பர் கோனே இல்லை, ஏதோ குழாய்கள் ஓடுகின்றன. இதே முறைதானா?

உங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ரோலாஸ்டிக் அமைப்பு. 1964-இல் இருந்து சில ஆண்டுகளுக்குச் சலூன் மினிகளில் இது வந்தது. ஒரே பக்கத்தின் முன், பின் சக்கரங்களை நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தால் இணைக்கும் அமைப்பு அது. அந்தக் குழாய்களுக்குள் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டுக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. ஸ்பேனரால் இணைப்பைத் தளர்த்தி அதை வெளியேற்ற முயலாதீர்கள். அதற்குரிய பம்ப் வைத்திருப்பவரிடம் முதலில் அழுத்தத்தை இறக்கிக்கொள்ளுங்கள். புதிய சப்ஃபிரேம் வாங்கும்போதும் கவனம் தேவை: ரப்பர் கோனுக்கானதும் ஹைட்ரோலாஸ்டிக்குக்கானதும் வேறுவேறு.

ரேடியஸ் ஆர்மின் புஷ்ஷையும் பேரிங்கையும் வீட்டிலேயே மாற்றிவிடலாமா?

பாதி வேலையை மட்டும் செய்யலாம். ஆர்மின் ஒரு முனையில் ஊசி உருளைகள் கொண்ட நீடில் பேரிங்கும், மறுமுனையில் வெண்கலப் புஷ்ஷும் இருக்கின்றன. இரண்டின் ஊடாகவும் ஒரே தண்டு செல்கிறது. தண்டையும் நீடில் பேரிங்கையும் அழுத்தி மாற்றுவது பொறுமையுள்ள எவருக்கும் இயலும். வெண்கலப் புஷ் அப்படியன்று. அதை அழுத்திப் பொருத்திய பிறகு, மறுமுனையோடு ஒரே நேர்கோட்டில் அமையுமாறு நீண்ட ரீமரால் உள்விட்டத்தைக் கடைந்தெடுக்க வேண்டும். நேர்கோடு தவறினால் தண்டு ஓரங்களில் மட்டும் உராய்ந்து, புதிய புஷ் விரைவிலேயே தேய்ந்துவிடும். கையால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சரிசெய்ததாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியான முறையன்று. ஆர்மை எஞ்சின் கடைசல் பட்டறைக்குக் கொடுங்கள், அல்லது பழையதைக் கொடுத்துப் புதுப்பித்த ஆர்மை வாங்குங்கள்.

அப்படி வாங்குவதையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடக் கூடாது. ஆர்மின் உள்ளே, தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்க வேண்டும். தண்டின் வெளிமுனையிலுள்ள நிப்பிளில் நாம் ஏற்றும் கிரீஸ் ஆர்மின் வெற்றிடத்தில் வீணாகத் தேங்கிவிடாமல் மறுமுனை வரை போய்ச் சேருவதற்கு அந்தக் குழலே வழி. நான் ஒருமுறை வாங்கிய புதுப்பித்த ஆர்மில் அது இல்லவே இல்லை. பிரித்துப் பார்த்திராவிட்டால், ஒழுங்காகக் கிரீஸ் ஏற்றிக்கொண்டே ஒரு முனையைக் காய்ந்து சாகவிட்டிருப்பேன். மினியின் ரேடியஸ் ஆர்ம்களைக் கெடுப்பது பெரும்பாலும் ஓடிய தூரமன்று, கிரீஸ் இல்லாமைதான்.

ரப்பர் கோன் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது? மாற்றத்தான் வேண்டுமா?

வெடிப்பு இல்லாவிட்டாலும் பழைய ரப்பர் அமுங்கித் தட்டையாகி, மீளும் தன்மையை இழந்திருக்கும். புதிய கோனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உயர வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கழற்றும் வேலையெல்லாம் முடிந்துவிட்ட நிலையில் பழைய கோனை மீண்டும் வைப்பது வீண் சிக்கனம் என்பது என் கருத்து. முன்பக்கக் கோனைக் கழற்ற அதை அமுக்கிப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். பின்பக்கத்துக்கு அது தேவையில்லை, ஷாக் அப்சார்பரை விடுவித்து ரேடியஸ் ஆர்மை முழுவதுமாகக் கீழே இறக்கினால் டிரம்பெட் தானாகக் கையில் வந்துவிடும்.

நக்கிளையும் அதன் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கிண்ணம் ஆர்மின் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முழுமையாக நெம்பி எடுத்துக் குழியைத் துடைத்த பிறகே புதியதை வையுங்கள். தூசி தடுக்கும் ரப்பர் உறை சரியாக அமரவில்லை என்றால் உள்ளே நீர் புகுந்து, பந்து துருப்பிடித்து, ஒவ்வொரு பள்ளத்திலும் கிறீச்சிடும்.

பவுடர் கோட்டிங் செய்யலாமா, சாதாரணப் பெயின்ட் போதுமா?

பவுடர் கோட்டிங் பார்வைக்கு மிக அழகானது. ஆனால் கல் பட்டு அது ஓரிடத்தில் பெயர்ந்தால், நீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையே ஊர்ந்து சென்று வெளியே தெரியாமலேயே துருவைப் பரப்பும். சப்ஃபிரேமுக்கு நான் விரும்புவது எப்பாக்ஸி பிரைமரும் அதன் மேல் தடித்த சேசிஸ் பெயின்ட்டும்தான். அடிபட்ட இடத்தைச் சுரண்டி மீண்டும் பூசிக்கொள்ளலாம். கடினமாக்கி கலந்து தெளிக்கும் இரு பாகப் பெயின்ட்டுகள் பலவற்றில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கும். அது நுரையீரலுக்குக் கொடிய கேடு விளைவிப்பது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் கவசம் இல்லாத எவரும் அதை வீட்டில் தெளிக்கக் கூடாது.

வெளிப்பூச்சைவிட உள்பூச்சே முக்கியம். துரு உள்ளிருந்து வருகிறது என்று முன்பே சொன்னேன். புதிய சப்ஃபிரேமாக இருந்தாலும், மாட்டுவதற்கு முன் நீண்ட குழல் கொண்ட தெளிப்பானால் பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகைத் தெளித்து, சட்டத்தைப் பல பக்கமும் புரட்டி வழியவிட்டு, ஒரு நாள் காயவிடுங்கள். நீர் வடியும் துளைகளை மெழுகு அடைத்திருந்தால் கம்பியால் திறந்துவிடுங்கள்.

பிரேக் பைப்பும் ஹேண்ட்பிரேக் கேபிளும் வேலை செய்துகொண்டுதானே இருக்கின்றன? அப்படியே மாட்டிவிடலாமா?

சப்ஃபிரேமின் மேல்புறம் செல்லும் பிரேக் பைப்பை எட்டிப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. பழைய எஃகுப் பைப்பைப் பிடிப்புகளிலிருந்து எடுத்தாலே பல சமயம் உடைந்துவிடும். 3/16 அங்குலச் செம்பு நிக்கல் பைப்பைப் போடுங்கள், அது துருப்பிடிக்காது. சக்கரங்களுக்குப் போகும் வளையும் ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பல மாடல்களில் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் இந்தச் சப்ஃபிரேமிலேயே இருக்கும். அது இறுகிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். டிரம்களைத் திறக்கும்போது தூசியை ஊதாதீர்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-இல்தான். பழைய பிரேக் ஷூக்களில் அது இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஹேண்ட்பிரேக் கேபிள், ரேடியஸ் ஆர்மில் உள்ள கால்வட்டத் துண்டு ஒன்றைச் சுற்றித் திரும்பும். அந்தத் துண்டு தன் அச்சில் தாராளமாகச் சுழல வேண்டும். ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, அல்லது விடவில்லை என்று வந்த வண்டிகளில் பெரும்பாலும் அந்தத் துண்டு துருவில் உறைந்திருந்ததையே கண்டேன்.

பாலியூரித்தேன் புஷ் போட்டால் நல்லது என்கிறார்களே?

பந்தயத்துக்கு நல்லது. சப்ஃபிரேம் இம்மியும் நகராது, ஆனால் சாலையின் இரைச்சலும் அதிர்வும் உள்ளே கூடும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்குத் தரமான ரப்பர் புஷ்ஷே போதும்.

புதிய சப்ஃபிரேமின் துளைகள் உடலின் துளைகளோடு பொருந்தவே இல்லை. தவறான பொருளை வாங்கிவிட்டேனா?

ஒருவேளை இல்லை. பலர் முதல் டிரன்னியனை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். அதனால் நான்காவது மூலை விலகி நிற்கிறது. எட்டு போல்ட்டுகளையும் கையாலேயே சில மரைகள் ஏற்றிவிட்டு, டிரன்னியனின் ஊடாகச் செல்லும் பெரிய போல்ட்டுகளையும் தளர்வாகவே வைத்து, எல்லாம் உள்ளே வந்த பின்னரே சிறிது சிறிதாக இறுக்குங்கள். கூர்முனைக் கம்பி ஒன்றைத் துளையில் விட்டு நெம்பினால் ஓரிரு மில்லிமீட்டர் எளிதில் நகரும். அதற்கும் மேல் விலகல் இருந்தால் துளையை அரத்தால் பெரிதாக்க வேண்டாம். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து, கோணியிருப்பது சப்ஃபிரேமா, முன்பு யாரோ வெல்டிங் செய்த ஹீல்போர்டா என்று கண்டுபிடியுங்கள்.

எல்லாம் மாட்டிவிட்டேன். வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது! எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை. புதிய ரப்பர் கோன் படிந்து அமர நாளாகும். சில நூறு மைல் ஓடிய பிறகு உயரம் தானாக இறங்கும். அதற்குள் டிரம்பெட்டை வெட்டிக் குட்டையாக்கிவிடாதீர்கள். மரை வைத்து உயரம் மாற்றும் டிரம்பெட் போட்டிருந்தாலும் இப்போதைக்குத் தொட வேண்டாம். வண்டியை மிகவும் தாழ்த்துபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பின் ரேடியஸ் ஆர்ம் கீழே தொங்கும் அளவைக் கட்டுப்படுத்துவது ஷாக் அப்சார்பர்தான். குட்டையான டிரம்பெட்டோடு பழைய நீளமான ஷாக் அப்சார்பர் இருந்தால், சக்கரம் தொங்கும்போது நக்கிள் குழியிலிருந்து கழன்று விழக்கூடும்.

பின் சக்கரத்துக்கும் அலைன்மென்ட் உண்டா? முன்னால் மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. பின் சக்கரங்கள் இரண்டும் முன்விளிம்பில் 1/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், உள்நோக்கிக் கூட வேண்டும். தலை 1 டிகிரி வெளிநோக்கிச் சாய வேண்டும். தயாரித்தபோது இவற்றை மாற்றும் வசதி வைக்கப்படவில்லை என்பதால் பல பட்டறைகளில் பின்னால் அளப்பதே இல்லை. நீங்கள் கேட்டு அளக்கச் சொல்லுங்கள், ஆனால் முந்தைய பதிலில் சொன்னபடி கோன் படிந்த பிறகே. அளவு மிகவும் விலகியிருந்தால், மாற்றக்கூடிய தாங்கிகளை வாங்கிப் பொருத்துவதற்கு முன், ரேடியஸ் ஆர்மின் தண்டு தேய்ந்திருக்கிறதா, உடலின் பிணைப்பு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்மானத்தைத் தாங்கியால் மறைக்கக் கூடாது.

கொழும்பில் பனியும் இல்லை, சாலையில் உப்புக் கொட்டுவதும் இல்லை. எங்கள் மினிக்கு இவ்வளவு தேவையா?

குளிர்காலத்தில் உப்பு தூவும் பிரிட்டன் சாலைகளில் துரு வேகமாக வருகிறது என்பது உண்மை. எனினும் கடற்காற்றிலும் உப்பு உண்டு, பருவமழைச் சேறு பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்தால் வாரக்கணக்கில் காயாது. உங்கள் சப்ஃபிரேம் இங்குள்ளதைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். எனவே மாற்றுவதற்குப் பதில் சுத்தம் செய்து மெழுகு தெளிப்பதே போதுமானதாக இருக்கலாம். ரப்பர், கிரீஸ், புஷ் பற்றிய பதில்கள் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். வெப்பமும் தூசியும் அவற்றுக்கு நன்மை செய்வதில்லை.

40 ஆண்டு கடந்த வண்டிக்கு எம்.ஓ.டி. சோதனையே வேண்டாமே. பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்குப் பிரிட்டனில் 2018 மே மாதம் முதல் அந்த ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் சாலைக்குத் தகுதியற்ற வண்டியை ஓட்டுவது இன்றும் சட்டப்படி குற்றமே. என் மினிகளை நான் ஆண்டுதோறும் விரும்பியே சோதனைக்குக் கொண்டுபோகிறேன். சோதிப்பவர் சஸ்பென்ஷன் பிணைப்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உள்ள துருவைத் தனியாகக் கவனிப்பார். அந்த இரண்டாவது கண் எனக்குத் தேவை. பின் இருக்கையில் என் பிள்ளைகள் அமர்கிறார்கள், அவர்களுக்குக் கீழேதான் அந்த ஹீல்போர்டு இருக்கிறது.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு எதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்?

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, மெதுவாக, பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்ப்பதாக இருக்கட்டும். திரும்பியதும் பிரேக் பைப்பின் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் துடைத்துக் கசிவு பாருங்கள். 100 மைலுக்குள் எட்டு போல்ட்டுகளையும், ரேடியஸ் ஆர்ம் தண்டின் நட்டுகளையும், ஷாக் அப்சார்பரின் நட்டுகளையும் கைநூலில் உள்ள இறுக்க அளவுக்கு டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபாருங்கள். புதிய பூச்சு நசுங்கி அமர்வதால் சில போல்ட்டுகள் சற்றுத் தளர்ந்திருக்கும். இடப்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் நட்டைச் சரிபார்க்க மறுபடியும் டேங்க்கை நகர்த்தத்தான் வேண்டும். அதனால் டேங்க்கில் பெட்ரோலை நிரப்புவதை அதற்குப் பின்னர் வைத்துக்கொள்ளுங்கள்.